மீட்டருக்கு இப்பால்

மலையகத் தமிழில் 'லயம்' என்றொரு சொல் உண்டு. இசை அறிந்தவர்களுக்கு அது தாளத்தோடு சேர்ந்தது. தத்துவம் படித்தவர்களுக்கு ஒன்று மற்றொன்றில் ஒடுங்குவது. எங்களுக்கோ அது வீடு. ஆங்கிலத் துரைமார் 'லைன்' என்று சொன்னதை எமது முன்னோர் லயன் என்றும் லயம் என்றும் வாங்கிக்கொண்டார்கள். குதிரை கட்டும் லாயத்தை மனத்திற் கொண்டே அச்சொல் இப்படித் திரிந்தது என்பாரும் உளர். சொல்லாராய்ச்சி என்ற வகையில் அதனை நான் ஏற்பதில்லை. ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவொன்றில் மூன்று தலைமுறை படுத்தெழும்புவதைக் கண்ட ஒருவர் அப்படி நினைத்தால், அவருடன் வாதாடவும் எனக்கு மனம் வராது.

அதே 'லைன்' என்ற சொல்லாலேயே மின்சாரக் கம்பியையும் நாம் குறிக்கிறோம். "லைன் இழுத்தாச்சா?" என்று தோட்டத்திலே ஒருவர் கேட்டால் அது மின்சாரத்தைப் பற்றிய கேள்வி. இந்த இரண்டு லைன்களும், அதாவது மனிதரை வரிசையாக அடுக்கிய லைனும் மின்னைக் கொண்டுவந்த லைனும், ஒன்றையொன்று சந்தித்த கதையே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது. நான் தமிழாசிரியன், மின்பொறியியலாளன் அல்லன். பூனாகலைப் பக்கத்து லயமொன்றிற் பிறந்து, குப்பி லாம்பிலே ஆனா ஆவன்னா படித்து, மின்குமிழின் கீழே உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவன் என்பதே இதைப் பேச எனக்குள்ள தகுதி.

பத்திரிகை வாசிக்கும் நேயர்களுக்கு ஒரு வாசகம் நன்கு பழக்கமாயிருக்கும். தோட்டமொன்றில் லயம் தீப்பற்றியது; இத்தனை குடும்பங்கள் பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளன; மின் ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. ஊரின் பெயரையும் திகதியையும் மாற்றினாற் போதும், செய்தி அப்படியே பொருந்திவிடும். தமிழ்நாட்டார் 'மின்கசிவு' என்பதை நாம் 'மின் ஒழுக்கு' என்கிறோம். கூரை ஒழுகுவதற்கும் கரண்ட் ஒழுகுவதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்திக்கொண்ட எமது பேச்சில், லயத்திலே இரண்டும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன என்ற உண்மையும் தெரியாமலே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் செய்தியில் ஆற்றும் வேலை எனக்கு உவப்பானதன்று. ஒழுக்கு என்றதும் விசாரணை முடிந்துவிடுகிறது. இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பது போல அதுவும் இயற்கையின் செயலாகிவிடுகிறது. கம்பியை யார் இழுத்தார், எந்தத் தடிப்பில் இழுத்தார், அதை யார் பார்த்துக் கையொப்பமிட்டார் என்ற கேள்விகளை அப்புறம் எவரும் கேட்பதில்லை.

மின்சாரம் வந்த நாளிலேயே அது தீயையும் கூட்டிவரும் என்பதை உலகம் அறிந்திருந்தது. 1882ஆம் ஆண்டு லண்டனிலே தந்திப் பொறியியலாளரும் மின்னியலாளரும் சேர்ந்த சங்கமொன்று வீட்டு வயரிங்குக்கான முதலாவது விதிகளை வெளியிட்டது. சில பக்கங்களே கொண்ட சிறு வெளியீடு. அதன் தலைப்பே மின்விளக்கினால் வரக்கூடிய தீ ஆபத்தைத் தடுப்பதற்கான விதிகள் என்பதுதான். வெளிச்சத்தைப் பற்றிய புத்தகம் நெருப்பைப் பற்றிய புத்தகமாகவே பிறந்தது எனலாம்.

விதி எழுதுவது ஒன்று, கம்பி அதன்படி நடப்பது வேறொன்று. அக்காலத்து நியூயோர்க் நகரின் படங்களைப் பார்த்தவர்கள், தெருவுக்கு மேலே வானமே தெரியாதபடி தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் மின்கம்பிகளும் பின்னிக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு கம்பனியும் தன் கம்பத்தைத் தான் நட்டது. மற்றவன் கம்பியைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. கம்பிகளை நிலத்துக்கடியிற் புதைக்க வேண்டுமென 1884இலேயே சட்டம் வந்தது. கம்பனிகள் இழுத்தடித்தன. 1888 மார்ச்சில் வீசிய பனிப்புயல் கம்பிகளை அறுத்து வீதியிலே போட்டது. அப்போதும் அசையவில்லை. 1889 ஒக்டோபர் 11ஆம் நாள், ஜோன் பீக்ஸ் என்ற தந்திக் கம்பி ஊழியர் பட்டப்பகலில் கம்பிகளுக்கு நடுவே மின்தாக்கி இறந்தார். கீழே பெருங்கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகே நகரசபை கோடரி எடுத்துக் கம்பங்களை வெட்டியது. ஊரின் நடுவே, கனவான்களின் கண்ணெதிரே நடந்ததால் அந்தச் சாவு வீண்போகவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே தேவைப்படும்.

இலங்கையில் 1895ஆம் ஆண்டளவில் பூஸ்டெட் சகோதரர் கம்பனியார் கொழும்பில் மின்விநியோகத்தைத் தொடங்கினர். மலைநாட்டிலோ மின்சாரம் வேறு வழியாக வந்தது. அது தேயிலைக்காக வந்தது. கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் உலர்த்தவும் ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, சக்தி வேண்டியிருந்தது. மலையிலே அருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஓடையை மறித்து, இரும்புக் குழாயில் இறக்கி, கீழே சுழலியைச் சுற்றவிட்டார்கள். இங்கிலாந்தின் கெண்டல் நகரில் கில்க்ஸ் கம்பனி வார்த்த சுழலிகள் இலங்கைத் தோட்டங்கள் பலவற்றுக்குக் கப்பலேறி வந்தன. முதலில் தோல்வார் மாட்டி இயந்திரத்தைச் சுற்றியவை, பின்னர் டைனமோவைச் சுற்றின. ஸ்டோரிலே விளக்கெரிந்தது. அங்கிருந்து ஒரு கம்பி துரையின் பங்களாவுக்கு ஏறியது. லயத்துக்கு இறங்கவில்லை.

பூனாகலையை அறியாத நேயர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். பண்டாரவளையிலிருந்து மலைமலையாக வளைந்து வரும் வீதி எங்கள் தோட்டங்களைக் கடந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. எங்கள் மலைகளில் ஊறும் தண்ணீரே பூனாகலை ஓயாவாகித் தெற்கு நோக்கி ஓடி, 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அந்த வீழ்ச்சியைப் பார்க்கப் பிற தேசத்தார் விமானமேறி வருகிறார்கள். அந்தத் தண்ணீரின் தலைமாட்டிலே வாழ்ந்த எங்கள் பாட்டிமார் மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் கடையிலே வரிசையில் நின்றார்கள்.

டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர், மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டில் பொறியியலாளர் சங்கத்திற் கட்டுரை வாசித்தார். வெள்ளை அதிகாரிகளின் அலட்சியத்தையும் உலகப் போரையும் கடந்து, லக்ஷபான மின்திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்புதான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலார் நாடற்றவராயினர். உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளைத் தாண்டித் தாண்டிக் கொழும்பு நோக்கிப் போயின. கோபுரங்களுக்குக் கீழே கொழுந்து கொய்தவர்களின் காம்பராவில் குப்பி லாம்பு புகைந்தது. பிரஜையே இல்லாதவன் மின்பாவனையாளனாவது எப்படி என்று எவராவது கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். அப்படியொரு கேள்வி எழுவதற்கும் முதலில் அவன் கணக்கில் இருக்க வேண்டும்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. இந்த மாற்றங்களில் லயத்தின் சுவர் மட்டும் மாறவில்லை. துரையின் சுவர் அரசின் சுவராயிற்று. அரசின் சுவர் கம்பனி குத்தகைக்கு எடுத்த சுவராயிற்று. ஒருநாளும் அதனுள்ளே குடியிருப்பவனின் சுவராகவில்லை. சொல்ல வந்த விடயத்தின் முடிச்சு இந்தச் சுவரிலேதான் இருக்கிறது.

தொண்ணூறுகளில்தான் மின்சாரம் லயங்களுக்குள் பரவலாக வரத் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு வந்தபோது நான் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சம்பளத்திற் பிடித்தும் சீட்டுப் போட்டும் காசு கட்டினோம். காம்பராவுக்கு ஒரு மின்குமிழ், குசினிக்கு ஒன்று, ஒரு பிளக் பேஸ், அவ்வளவே ஒப்பந்தம். வயரிங் பாஸ் இரண்டு நாளில் பன்னிரண்டு காம்பராவை முடித்தார். சுவரிலே ஆணி இறங்கவில்லை, கருங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. ஆகவே வயரை முகட்டு வழியாகவே விட்டார். முதல் காம்பராவின் முகட்டிலே நுழைந்த வயர் கடைசிக் காம்பராவிலே தலைகாட்டிற்று. அன்றிரவு லயத்திலே யாரும் நேரத்தோடு படுக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு வெளிச்சத்தையும் போய்ப் பார்த்து வந்தார்கள். ஒரு கிழவி, அடுப்படிச் சுவர் இவ்வளவு கறுப்பென்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றாள்.

அந்தக் கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவேயுள்ள சுவர் கூரை மட்டம் வரை போவதில்லை. முகட்டின் கீழே ஒரே வெளி. விறகடுப்புப் புகை அந்த வெளியெங்கும் படிந்து நூற்றாண்டுக் கரியாக ஒட்டியிருக்கிறது. எலிகள் அங்கே குடியிருக்கின்றன. அவை வயரின் மேலுறையைக் கடிக்கின்றன. ஊவாவின் மூடுபனி உள்ளே இறங்கி ஈரமாக்குகிறது. மேலே தகரம். உறை கிழிந்த வயர் தகரத்திலே பட்டால் கூரையே மின்னேறிவிடும். அந்தக் கூரைக் கம்பத்தில் கட்டிய கொடிக்கம்பியில் ஈர உடுப்பை விரிக்கப் போன கையை அது விடாது. தீயென்று வந்தாலோ, முதற் காம்பராவிற் பிடித்தது முகட்டு வெளி வழியே கடைசிக் காம்பராவுக்குப் போக அதிக நேரம் தேவையில்லை. லயம் ஒன்று எரிகிறது என்றால் வரிசை முழுவதும் எரிவதன் காரணம் இதுதான்.

ஒரு மின்குமிழுக்கும் ஒரு பிளக் பேஸுக்குமாகப் போட்ட வயரிலே பின்பு வாழ்க்கை வந்து தொங்கிற்று. டீவி, ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர், மின் கேத்தல், கைத்தொலைபேசிகள். மகனுக்குக் கலியாணமானதும் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை. அந்த அறைக்கு ஓர் இழுவை வயர். பிறகு பக்கத்திலே தாழ்வாரம் இறக்கி இன்னொன்று. கணக்குப் பார்ப்போம்: 2000 வாற்று கேத்தல் 230 வோல்ட்டிலே ஏறத்தாழ 9 அம்பியரை இழுக்கும். விளக்குக்கென்று 5 அம்பியருக்குக் கணக்கிட்ட வயரில் அதையும் குக்கரையும் சேர்த்து மாட்டினால் என்னாகும்? மின்னோட்டம் இருமடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கும் பாடம். இதைத் தடுக்கத்தான் பியூஸ் இருக்கிறது. பாரம் கூடினால் தான் உருகி, வீட்டைக் காப்பாற்றும் மெல்லிய கம்பி அது. ஒவ்வொரு மாலையும் அது உருகினால் மனிதன் என்ன செய்வான்? வயர்த்துண்டொன்றின் செப்பிழைகளை முறுக்கி அந்த இடத்திலே கட்டிவிடுவான். பியூஸ் அப்புறம் உருகவே உருகாது. உருகும் வேலையை முகட்டிலுள்ள வயர் ஏற்றுக்கொள்ளும்.

பிளக் பேஸின் கதை இதைவிட வேடிக்கை. எங்கள் நாட்டில் வட்டமுனை 5 அம்பியர், வட்டமுனை 15 அம்பியர், சதுரமுனை 13 அம்பியர் என மூன்று சாதி ஒரே வீட்டில் வாழ்ந்தன. 2010களின் பிற்பாதியிலேயே சதுரமுனையை ஒரே தேசிய நியமமாக்கும் நடவடிக்கை வந்தது. இந்தச் சதுரமுனை பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டு நியமமானது. அதற்கு அடித்தளமிட்ட இருபதுபேர் குழுவில் ஒரே பெண் கரோலின் ஹஸ்லெட் என்ற பொறியியலாளர். சிறுபிள்ளையின் விரலும் ஊசியும் உள்ளே போகக்கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். மேலேயுள்ள நிலத்தொடுப்பு முனை முதலில் நுழைந்தால்தான் கீழ்த்துளைகளின் மூடி திறக்கும். இதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள். நாங்களோ மேல்துளையில் பேனாவின் பின்புறத்தைச் செருகி மூடியைத் திறந்து, இரண்டு முனை பிளக்கைத் திணிக்கக் கற்றுக்கொண்டோம். என் வகுப்பிலே இதைச் செய்யத் தெரியாத பிள்ளை ஒருவரும் இல்லை. செய்முறைப் பரீட்சை வைத்தால் எல்லோருக்கும் ஏ சித்திதான்.

இவ்விடத்திலே, "பார்த்தீரா, எல்லாம் சனங்களின் கவனயீனம்" என்று ஒருவர் எழுந்து சொல்லக்கூடும். ஆசிரியர் ஓய்வறையிலே இதே வார்த்தையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். காய்கறித் தோட்டத்தைச் சுற்றிப் பன்றிக்கென்று மின்கம்பி கட்டி மனிதரைக் கொல்லும் வழக்கத்தைப் பற்றியென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். அதற்கு மன்னிப்பில்லை. லயத்து வயரிங் அப்படியன்று. அதை விளங்கிக்கொள்ள மின்சார மீட்டரின் முன்னே போய் நிற்க வேண்டும்.

மீட்டருக்கு அப்பால் உள்ள கம்பி விநியோகம் செய்வோரின் பொறுப்பு. மீட்டருக்கு இப்பால் உள்ளது பாவனையாளரின் பொறுப்பு. உலகெங்கும் ஏறத்தாழ இதுவே ஒழுங்கு, நியாயமான ஒழுங்குதான். ஆனால் இந்த ஒழுங்கு, மீட்டருக்கு இப்பால் இருப்பவன் வீட்டுக்காரன் என்ற நம்பிக்கையில் எழுந்தது. சுவர் அவனுடையது; தேவையானால் உடைப்பான்; வயரைப் புதைப்பான்; பத்தாண்டுக்கொரு முறை மாற்றுவான். லயத்திலே மீட்டருக்கு இப்பால் இருப்பவனுக்கு வயர் உண்டு, சுவர் இல்லை. அவன் மின்சாரம் எடுக்கவே தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. கூரை நிர்வாகத்தினது. முகட்டு வெளியோ பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொது, ஆகவே எவருக்கும் இல்லாதது. நிர்வாகத்தைக் கேட்டால் வயர் தொழிலாளியினது என்பார்கள். விநியோகத்தாரைக் கேட்டால் எங்கள் வேலை மீட்டரோடு சரி என்பார்கள். பிரதேச சபையைக் கேட்கலாமென்றால், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைநிதியைச் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாக நின்றது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. இப்படி ஒவ்வொருவரும் கையை உதறிய இடத்தில் ஒரு வயர் முப்பதாண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நியூயோர்க்கின் கம்பிச் சிக்கலுக்குக் காரணம் உரிமை கொண்டாடியவர்கள் பலராயிருந்தமை. எங்கள் சிக்கலுக்குக் காரணம் உரிமையாளர் ஒருவருமில்லாமை. அங்கே கூட்டம் நின்று பார்த்தது. இங்கே பார்ப்பதற்கு மலையும் பனியும்தான்.

இன்னொன்றும் உண்டு. லயம் தொடக்கத்திலிருந்தே தற்காலிகம் என்று எண்ணிக் கட்டப்பட்டது. அதில் வாழ்ந்தவர்களும் எப்போதும் புறப்படப் போகிறவர்களாகவே வாழ்ந்தார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகப் போகிறோம் என்று காத்திருந்தவர்கள் உண்டு. இக்காலத்திலே புது வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று காத்திருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென்று ஆய்வாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். 2023 மார்ச்சில் எங்கள் பூனாகலை கபரகலையிலும் மண் இறங்கி லயக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாளை இந்தக் காம்பராவே இருக்குமோ என்று தெரியாதவன் எந்த மனத்தோடு காசு செலவழித்து வயரை மாற்றுவான்? நாளைக்குப் போகிற வீட்டுக்கு இன்றைக்கு எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு நடந்திருக்கிறது. அந்த நாளைக்குள் நான் பட்டதாரியாகி, ஆசிரியப் பயிற்சி முடித்து, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

2024 ஏப்ரலில் உமாஓயாத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. ஊவாவின் தண்ணீரை மலைக்கடியில் சுரங்கத்தால் இறக்கி 120 மெகாவாற்று எடுக்கும் திட்டம். அச்சுரங்கத்திலே 2014இன் கடைசியில் கசிவேற்பட்டு, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதை இப்பகுதியார் மறக்கவில்லை. அங்கேயும் அந்த ஒழுக்குத்தான், தண்ணீரில். பெரிய மின்சாரம் எப்போதும் எங்கள் தலைக்கு மேலாலோ காலுக்குக் கீழாலோ போயிருக்கிறது. காம்பராவுக்குள் வந்தது ஒழுகி வந்தது மட்டுமே என்று ஒரு கவிஞன் எழுதினால் நான் மறுக்கமாட்டேன்.

ஏழு பேர்ச் காணியில் தனித்தனியாகக் கட்டப்பட்ட புதிய வீடுகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே சுவருக்குள் குழாய், குழாய்க்குள் வயர், வாசலருகே ட்ரிப் சுவிட்ச். மின்னோட்டத்தில் ஓர் அம்பியரின் ஆயிரத்தில் முப்பது பங்கு வழிதவறினாலும் கண்ணிமைக்கு முன் அது கீழே விழுந்து விநியோகத்தைத் துண்டிக்கும். பிள்ளை ஈரக்கையோடு தொட்டாலும் பிழைக்கும். சுவர் தனக்கென்று ஆனதும் அதே மனிதர், அதே கைகள், வயரை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலே அம்மா ட்ரிப் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னல் திரைச்சீலைகூடப் போட்டிருந்தார். நமது கவனயீனக் கோட்பாட்டாளர்கள் அந்தத் திரைச்சீலையை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

இந்திய உதவியாக 2017இல் நோர்வூட்டிலே அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளையும் மற்றவற்றையும் சேர்த்தாலும், லயத்தில் மிஞ்சி இருப்போர் மிகப் பலர். வீடு வரும்வரை அவர்கள் அதே முகட்டின் கீழேதான் உறங்க வேண்டும். மீட்டருக்கு இப்பால் காம்பராவுக்கொரு ட்ரிப் சுவிட்ச், லயத்துக்கொரு முறையான நிலத்தொடுப்பு, முகட்டு வெளியிற் செல்லும் பழைய வயருக்குப் பதில் குழாயிட்ட புதிய வயர், ஆண்டுக்கொரு முறை பயிற்சி பெற்ற மின்னியலாளர் ஒருவரின் பரிசோதனை: இவற்றை நிர்வாகமும் விநியோகத்தாரும் பிரதேச சபையும் சேர்ந்து செய்வதற்குக் காணி உறுதி எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லயம் எரிந்த மறுநாள் உலருணவுப் பொதியோடும் பாயோடும் ஓடிவருவதற்கு எப்படியோ காசு கிடைக்கிறது. அக்காசிலே ஒரு பகுதியை முதல்நாளே கொண்டுவரலாம்.